நான்கு விநாடி பிஜிஎம்: கார்ட்டூனில் பதைப்பு எங்கிருந்து வருகிறது?

மூடுபனி_குன்னூர் எழுதியது:

வணக்கம். குன்னூரில் நாங்கள் சிலர் சேர்ந்து குழந்தைகளுக்காக ஒரு சின்ன அனிமேஷன் தொடர் செய்துகொண்டிருக்கிறோம். வரைவது நண்பர்கள், பின்னணி இசை என் பொறுப்பு. ஒரு காட்சியை வைத்து எங்களுக்குள் பேச்சு பெரிதாகிவிட்டது. இசை தெரிந்தவர்களும் கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

காட்சி இதுதான். சாயங்காலம், தேயிலைத் தோட்டம், பனி இறங்கிவிட்டது. பள்ளி விட்டு வரும் இரண்டு சிறுமிகள் ஒற்றையடிப் பாதையில் பேசிச் சிரித்துக்கொண்டு வருகிறார்கள். கொஞ்சம் தள்ளி, செடிகளுக்கு மேலே இரண்டு கொம்பு தெரிகிறது. காட்டெருமை. தங்கை பார்த்துவிட்டாள். அக்கா இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறாள். மொத்தம் 11 விநாடி, அதில் இசைக்கு நான்கு விநாடி.

இரண்டு மாதிரி போட்டுப் பார்த்தோம். 'அ': கொம்பு தெரிகிற அதே ப்ரேமில் டிராம்போன் குழலும் டிம்பனி முரசும் சேர்ந்து ஒரே அடி, அதன் கார்வை (நீளும் ஒலி) மெல்லத் தேய்ந்து போகிறது. 'ஆ': சிறுமிகள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே செல்லோவில் (வயலின் வகையில் பெரியது, கனத்த குரல்) மெல்லிய நடுக்கம் தொடங்குகிறது. கொம்பு தெரிந்ததும் சட்டென நின்றுவிடுகிறது. அப்புறம் இசையே இல்லை.

தெருப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினோம். 'அ'வுக்குத் திடுக்கிட்டார்கள், உடனே சிரித்தார்கள். 'ஆ'வுக்கு யாரும் துள்ளவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பையன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான், தங்கை வாய் திறக்கும்வரை முதுகைச் சாய்க்கவே இல்லை. எங்கள் குழுவில் பாதிப் பேர் துள்ளல்தான் வேண்டும் என்கிறார்கள்.

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நடிகர் அசையாமல் நின்றாலும் கண் இமைக்கும், நெஞ்சு ஏறி இறங்கும், கழுத்து நரம்பு துடிக்கும். வரைந்த முகத்தை நிறுத்தினால் அது அப்படியே நின்றுவிடும். அந்த நின்ற படத்துக்குள் மூச்சு ஓட வேண்டுமென்றால் அது காது வழியாகத்தான் வர வேண்டும். அனிமேஷனில் நான்கு விநாடி இசைக்கு இவ்வளவு கனம் இருப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். அது எங்கே தொடங்குகிறது, எங்கே அறுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எவ்வளவு சத்தம் என்பது அதற்குப் பிறகுதான்.

பெருமாள்மலை எழுதியது:

தம்பி, சென்னையில் பல வருஷம் சவுண்ட் எடிட்டிங் பார்த்துவிட்டு இப்போது மலையோடு இருக்கிறேன். நீங்கள் சொல்லும் 'நின்ற படம்' விஷயம் ரொம்பச் சரி. அதற்கு ஒரு வரலாறும் உண்டு.

தியேட்டருக்காக எடுத்த பழைய கார்ட்டூன்களில் நிலைமை வேறு. வார்னர் பிரதர்ஸில் கார்ல் ஸ்டாலிங் 1936-லிருந்து 1958 வரை இருந்தார். எம்ஜிஎம்மில் டாம் அண்ட் ஜெர்ரிக்கு ஸ்காட் பிராட்லி. ஏழு நிமிஷப் படம் முழுக்க ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும். பூனை படியேறினால் வயலின் படியேறும், பூனை விழுந்தால் டிராம்போன் விழும். பிராட்லி 1944-ல் ஒரு டாம் அண்ட் ஜெர்ரி படத்தில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் பன்னிரண்டு சுர முறையையே கையாண்டிருக்கிறார். எந்தச் சுரத்திலும் காது உட்கார முடியாத முறை அது, ஒளிந்து மறைந்து போகிற காட்சிக்கு அவ்வளவு பொருத்தம்.

டிவிக்கு வந்ததும் பணமும் நேரமும் சுருங்கிவிட்டன. டாம் அண்ட் ஜெர்ரியை இயக்கிய அதே ஹன்னாவும் பார்பராவும் 1957-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார்கள். அசைவைக் குறைத்து வரைந்தார்கள்: உடம்பு நிற்கும், வாய் மட்டும் அசையும். ஒவ்வொரு எபிசோடுக்கும் புதிதாக இசை எழுதக் கட்டுப்படியாகாது. அதனால் ஹோய்ட் கர்டின் போன்றவர்கள் பதுங்கி நடக்க ஒன்று, துரத்த ஒன்று, கதவு திறக்க ஒன்று என்று துண்டு துண்டாகப் பதிவு செய்து வைத்தார்கள். எடிட்டர் தேவையான இடத்தில் வெட்டி ஒட்டுவார். சின்னத்திரை கார்ட்டூனின் குட்டி பிஜிஎம் பிறந்த இடம் இந்தக் கட்டுப்பாடுதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அதே துண்டு வாராவாரம் வந்ததால் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். 1969-ல் வந்த ஸ்கூபி-டூவில் அந்தப் பதுங்கல் இசை தொடங்கினாலே ஏதோ வரப்போகிறது என்று தெரிந்துவிடும். பாத்திரத்துக்குத் தெரியாது, பார்க்கிற பிள்ளைக்குத் தெரியும். பதைப்பின் வேர் அந்த இடைவெளி. உங்கள் 'ஆ' அதைத்தான் செய்கிறது.

வெலிங்டன்_கீபோர்டு எழுதியது:

நான் 'அ' பக்கம் நின்று கொஞ்சம் பேசுகிறேன். அந்த ஒற்றை அடியை எல்லாரும் மட்டமாகப் பேசுகிறோம், அது நியாயமில்லை. டிவியில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. அரை மணி நேர நிகழ்ச்சி என்றால் படம் 22 நிமிஷம் வரும், மீதி விளம்பரம். இடைவேளைக்கு முந்தைய ப்ரேமில் ஒரு அடி கொடுத்து அந்தரத்தில் விட்டால்தான் பிள்ளை எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும். நம் சீரியல்களில் ஒரே முகத்தை வலமும் இடமும் காட்டி அடிக்கிறார்களே, அதன் மூலமும் இதேதான்.

ஆனால் என்ன சுரத்தை அடிக்கிறோம் என்பது முக்கியம். சுத்தமான மைனர் கார்டு அடித்தால் சோகம்தான் வரும், பதைப்பு வராது. ஸ, அதற்கு ஒட்டினாற்போல் அடுத்த சுரமான ரி1 (சுத்த ரிஷபம்), இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு சுரமும் உரசி அலையலையாக ஒரு அதிர்வு வரும். அல்லது ஸ-வும் பிரதி மத்யமமும். இரண்டுமே 'இன்னும் முடியவில்லை' என்று சொல்கிற ஒலிகள். அந்த அடியை ஸ்ட்ரிங்ஸில் கொடுத்து, கார்வையை நீட்டி, தீர்வு சொல்லாமல் விட்டுவிடுங்கள். துள்ளலும் கிடைக்கும், பதைப்பும் கிடைக்கும்.

மூடுபனி, உங்கள் 'அ'வில் டிராம்போன் என்ன சுரம்?

மூடுபனி_குன்னூர் எழுதியது:

கீழ் ஸ-வும் பஞ்சமமும். நீங்கள் கேட்டதும்தான் இப்படிப் பார்க்கத் தோன்றுகிறது: அடி விழுந்ததும் காதுக்கு எல்லாம் முடிந்துபோன நிம்மதி வந்துவிடுகிறது. பிள்ளைகள் உடனே சிரித்தது அதனால்தான் போல. ஸ-ரி1 உரசலை இன்று இரவே போட்டுப் பார்க்கிறேன்.

மிருதங்கம்_உதகை எழுதியது:

சுரத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். லயத்தில் இதைவிட வலுவான ஒரு கருவி இருக்கிறது.

கச்சேரியில் தீர்மானம் வாசிக்கும்போது ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசிக்கிறோம். முதல் முறை கேட்பவர் காதில் வாங்குவார். இரண்டாம் முறை அடையாளம் தெரிந்துவிடும். மூன்றாம் முறை எங்கே போய் விழும் என்று கை தானாகத் தயாராகிவிடும், சமத்தில் (தாளம் தொடங்குகிற அடியில்) விழுந்ததும் சபை முழுக்கத் தலையாட்டும். தாளம் போடத் தெரியாதவருக்கும் இது நடக்கும், பழக்கம் அப்படி.

இப்போது, இரண்டு முறை வாசித்துவிட்டு மூன்றாவதை வாசிக்காமல் விட்டால்?

வெறும் மோர்சிங்கிலோ உறுமியிலோ இரண்டு விநாடிக்குள் இதைச் செய்துவிடலாம். த-க-தி-மி என்று ஒரு சின்னக் கட்டு, மறுபடியும் அதே கட்டு, பிறகு நிசப்தம். பிள்ளையின் உடம்பு மூன்றாவதற்குக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு முழுக்க உங்களுக்குச் சொந்தம், அதில் படத்தை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். நான் இதை மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தவன். மூன்றாவதை விட்டால் வகுப்பே நிமிர்ந்து பார்க்கும்.

மன்னவனூர்_பூண்டு எழுதியது:

எனக்குச் சுரமும் தெரியாது தாளமும் தெரியாது. பிள்ளைகள் பார்க்கிற டிவியைப் பற்றி ஒரு வார்த்தை.

எங்கள் வீட்டில் தகரக் கூரை. ஐப்பசி மழையில் டிவியில் பேச்சே பாதிதான் கேட்கும். அந்த நேரத்தில் நீங்கள் சொல்கிற செல்லோ நடுக்கமெல்லாம் எங்கள் வீடு வரை வந்து சேருமா என்பது எனக்குச் சந்தேகம். சுட்டி டிவியில் தமிழில் வந்த ஜாக்கி சான் கார்ட்டூனை என் தம்பி இதே மாதிரி மழையில் பார்த்து வளர்ந்தான். கெட்டவன் வருகிற இசை மட்டும் எவ்வளவு மழையிலும் சமையற்கட்டு வரை கேட்கும், நான் அடுப்படியிலிருந்தே 'வந்துட்டானா?' என்று கேட்பேன்.

இன்னொன்று. என் சின்னவளுக்கு ஆறு வயது. பயமான இசை வந்தால் கண்ணை மூட மாட்டாள், காதைப் பொத்திக்கொள்வாள். படம் அப்படியே ஓடும், பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். எது பயம் காட்டுகிறது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. மேல்மலையில் காட்டெருமை பார்க்காத பிள்ளை இல்லை. பயம் காட்டினால் போதாது, என்ன செய்ய வேண்டும் என்றும் அந்தக் காட்சியிலேயே காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெருமாள்மலை எழுதியது:

மன்னவனூர் அக்கா சொன்னது தொழில்முறையிலும் சரியான கவலை. செல்லோவின் அடித்தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸ். மெல்லிய டிவிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது, போனில் இன்னும் மோசம். நல்லவேளையாக அடிச்சுரம் கேட்காவிட்டாலும் அதன் மேல் அதிர்வுகளை வைத்து மூளையே அந்தச் சுரத்தை ஊகித்துக்கொள்ளும். ஆனால் அந்த மேல் அதிர்வுகளாவது தெளிவாக இருக்க வேண்டும்.

ஆகவே தம்பி, நடுக்கத்தை அடியில் மட்டும் வைக்காதீர்கள். அதே சுரத்தை வியோலாவில் (வயலினைவிடச் சற்றுப் பெரியது) ஒரு ஸ்தாயி மேலே மெல்லிசாகச் சேர்த்துவிடுங்கள், வில்லைத் தந்திகளைத் தாங்குகிற குதிரைக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்கிற அந்தக் கரகரப்போடு. பெரிய ஸ்டூடியோ ஸ்பீக்கரில் மட்டும் கலந்து முடித்துவிடாமல், ஒரு பழைய டிவியில் குக்கர் விசில் அடிக்கிற சமையற்கட்டுக்குப் பக்கத்தில் ஓடவிட்டுக் கேளுங்கள். மழைக்கு எதிராகச் சத்தத்தை ஏற்றி ஜெயிக்க முடியாது. மழைச் சத்தம் எல்லா அலைவரிசையிலும் பரவிக் கிடக்கும். கரகரப்பான, விட்டுவிட்டு வருகிற ஒலிதான் அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

மசினகுடி_ஜீப் எழுதியது:

காட்டுக்குள் வண்டி ஓட்டுகிறவன் நான். வந்திருப்பவர்களுக்குச் சிறுத்தை வருவது எப்படித் தெரிகிறது என்றால், முதலில் சத்தத்தில்தான். கடமான் 'டாங்க்' என்று ஒரு தரம் கத்தும். மந்தி மேலேயிருந்து இருமுகிற மாதிரிக் குரல் கொடுக்கும். ஜீப்பில் இருக்கிற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அதுவரை சிறுத்தையின் வால்கூட யாருக்கும் தெரிந்திருக்காது. தெரிந்துவிட்டால் கேமராவை எடுத்துவிடுவார்கள், பதைப்பு போய்விடும்.

இன்னொன்று சில்வண்டு. இரவில் காது அடைக்கிற மாதிரிக் கத்திக்கொண்டிருக்கும், பக்கத்தில் ஏதாவது நடமாடினால் அந்த இடத்தில் மட்டும் நின்றுவிடும். உங்கள் 'ஆ'வில் இசை நிற்கிற இடம் அப்படித்தான் இருக்கிறது. செல்லோவுக்குப் பதிலாகச் சில்வண்டையே வைத்துப் பார்த்தீர்களா?

மூடுபனி_குன்னூர் எழுதியது:

ஜீப் அண்ணா, அந்தச் சில்வண்டு யோசனை அருமை. இசை நிற்கும்போது சில்வண்டும் சேர்ந்து நின்றால் நிசப்தம் இரண்டு மடங்காகும்.

நிசப்தத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இரண்டு உதாரணம் சொல்கிறேன். 2001-ல் வந்த சாமுராய் ஜாக் கார்ட்டூனில் பார்வையில்லாத மூன்று வில்லாளிகள் வருகிற எபிசோட். அவர்களை வெல்ல ஜாக் தன் கண்ணைக் கட்டிக்கொண்டு பனிக்குள் நின்று காதைத் தீட்டுகிறான். இசை விலகி நிற்கிறது, பனியில் கால் பதிகிற சத்தம்தான் முழுக் காட்சியும். இன்னொன்று 1995-ல் தொடங்கிய ஜப்பானியத் தொடர் இவாஞ்சலியனின் 22-ஆவது எபிசோட். லிஃப்டுக்குள் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். ஏறக்குறைய அசைவே இல்லாத ஒரே படம், முக்கால் நிமிஷத்துக்கும் மேல், லிஃப்ட் ஓடுகிற சத்தம் மட்டும். சண்டைக் காட்சிகளில் அதன் இசையமைப்பாளர் ஷிரோ சகிசுவின் டிம்பனி அதிர அதிரக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த இல்லாமை தாங்கவே முடியாது. அதே டிம்பனி இசையை 2016-ல் ஷின் காட்ஸில்லா படத்திலும் மறுபடி எடுத்தாண்டார்கள், அவ்வளவு ஆழமாகப் பதிந்த துண்டு அது.

இரண்டிலும் கவனியுங்கள், நிசப்தத்துக்கு முன்னால் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. வெறும் நிசப்தம் என்றால் பிள்ளை ரிமோட்டைத் தேடும். எடுத்துக்கொடுத்துவிட்டுப் பறித்தால்தான் அது வேலை செய்யும்.

டப்பிங்_பேனா எழுதியது:

கோத்தகிரிதான் ஊர். கார்ட்டூன்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவள். இசை எழுதுகிறவர்கள் கவனத்துக்கு வராத ஒரு பிரச்சினையைச் சொல்கிறேன்.

எங்களுக்குப் படம் வரும்போது பேச்சு தனி, இசையும் மற்றச் சத்தங்களும் தனி டிராக்காக வரும். பேச்சைத்தான் மாற்றுகிறோம். இசை இம்மிகூட நகராது. ஆங்கிலத்தில் ஒரு ரகசியம் உடைகிற வசனத்தில் முக்கியமான சொல் கடைசியில் விழும், அதன் மேல் 'டம்' என்று இசை விழும். தமிழில் நாம் இயல்பாக 'உன் அப்பாதான் அவர்' என்று சொல்லிவிடுவோம். ரகசியம் முதல் சொல்லிலேயே உடைந்துவிட்டது, இசை 'அவர்' மேல் விழுகிறது. அந்தக் காட்சி போச்சு.

அதனால் 'அவர் வேற யாருமில்ல... உன் அப்பா' என்று திருப்பிப் போடுவேன். அதுவும் வாயசைவுக்குள் அடங்க வேண்டும். சில சமயம் நல்ல வசனத்தை விட்டுக்கொடுத்துச் சுமாரான வசனத்தை எழுதியிருக்கிறேன், இசை சரியான சொல்லில் விழ வேண்டும் என்பதற்காகவே. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. பிள்ளைகள் வசனத்தை மறந்துவிடுவார்கள், அந்த இடத்தை மறக்க மாட்டார்கள்.

மூடுபனி, நீங்கள் தமிழிலேயே எடுக்கிறீர்கள். இந்தச் சிக்கலே உங்களுக்கு இல்லை. அக்காவின் வசனத்தை எந்தச் சொல்லில் அறுப்பது என்று முதலிலேயே வசனம் எழுதுகிறவரோடு உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள். பாதிச் சொல்லில் அறுபடட்டும்.

வெலிங்டன்_கீபோர்டு எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் துண்டு இசை, நிசப்தம் என்று மட்டும் போனால் முழு இசையின் பலம் விட்டுப்போகும். 1992-ல் வந்த பேட்மேன் அனிமேஷன் தொடரில் ஷெர்லி வாக்கரும் அவருடைய குழுவும் எபிசோடுக்கு எபிசோட் புதிதாக எழுதி, நிஜ ஆர்கெஸ்ட்ராவை உட்கார வைத்துப் பதிவு செய்தார்கள். அதில் பதைப்பு ஒரு அடியில் வருவதில்லை, காட்சி முழுக்க மெல்ல ஏறும். அவதார் கார்ட்டூன் தொடரின் கடைசிப் பகுதி 2008-ல் வந்தது. அண்ணனும் தங்கையும் நெருப்பால் மோதுகிற காட்சிக்கு ஜெரமி ஸுக்கர்மேன் வேகமான இசையே போடவில்லை, மெதுவாக அழுகிற ஸ்ட்ரிங்ஸ். கண் பார்ப்பது சண்டை, காது கேட்பது துக்கம். யார் ஜெயிப்பார்கள் என்பதைவிட, ஜெயித்து என்ன ஆகப்போகிறது என்ற பதைப்பு வந்துவிடும்.

உங்கள் நான்கு விநாடிக்கு இது பொருந்தாதுதான். ஆனால் தொடர் வளரும்போது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூடுபனி_குன்னூர் எழுதியது:

நிச்சயமாக. இப்போது எல்லாரும் சொன்னதையும் சேர்த்து ஒரு வெட்டு தயார் செய்திருக்கிறேன். கணக்கைச் சொல்கிறேன், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

படம் விநாடிக்கு 24 ப்ரேம். ஒரு தாள அடிக்கு 12 ப்ரேம் வைத்தால் நிமிஷத்துக்கு 120 அடி, சிறுமிகளின் நடையும் அதே கணக்கில் வரைந்தது. அவர்கள் சிரிக்கும்போது சில்வண்டு ஓடுகிறது. மூன்றாம் விநாடியில் வியோலாவும் செல்லோவும் ஸ-ரி1 உரசலைத் தொடங்குகின்றன, பேச்சுக்கு அடியில். அதன் மேல் உறுமியில் ஒரு சொற்கட்டு. மறுபடி அதே கட்டு, ஆனால் இப்போது அடிக்கு 10 ப்ரேம், அதாவது 144. நடை மாறவில்லை, இசை மட்டும் முந்துகிறது. ஏழாம் விநாடியில் கொம்பு. அதற்கு மூன்று ப்ரேம் முன்னதாகவே இசையும் சில்வண்டும் சேர்ந்து அறுகின்றன. அக்காவின் பேச்சு தனியாக நிற்கிறது, அதுவும் பாதிச் சொல்லில் அறுகிறது. மீதி நான்கு விநாடியில் இலையிலிருந்து பனிநீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

அந்த மூன்று ப்ரேமைப் பற்றி ஒரு வார்த்தை. கொம்பு தெரிகிற அதே ப்ரேமில் அறுத்தால் இசை கொம்பைப் பார்த்து நின்ற மாதிரி இருக்கிறது. முன்னதாக அறுத்தால் பார்ப்பவர் கண் தானாகத் திரையில் காரணத்தைத் தேடுகிறது, தேடும்போது கொம்பு வருகிறது. எட்டில் ஒரு பங்கு விநாடிதான், ஆனாலும் வித்தியாசம் அவ்வளவு.

மன்னவனூர் அக்காவுக்கு: கடைசியில் தங்கை அக்காவின் பையைப் பிடித்து, ஓடாமல், முகத்தைத் திருப்பாமல், மெல்லப் பின்வாங்க வைக்கிறாள். அங்கே இசை இல்லை.

மசினகுடி_ஜீப் எழுதியது:

கணக்கெல்லாம் எனக்குப் புரியாது, ஆனால் படத்தில் ஒன்று. தேயிலைச் செடி இடுப்பளவு. நன்றாக வளர்ந்த காட்டெருமைக்குத் தோளே ஆறடி வரை வரும். நின்றால் முதுகு முழுக்கத் தெரியும், கொம்பு மட்டும் தெரியாது. அது படுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கீழ்த்தட்டில் நிற்க வேண்டும். படுத்திருக்கிற மாதிரியே வையுங்கள். எழுந்திருக்கும்போது செடிக் கிளை படபடவென ஒடியும், மூக்கால் 'புஸ்ஸ்' என்று ஒரு ஊது ஊதும். தோட்டத்தில் வேலை செய்கிற எல்லாருக்கும் அந்தச் சத்தம் தெரியும்.

மூடுபனி_குன்னூர் எழுதியது:

இது பெரிய உதவி அண்ணா. வரைகிறவர்களிடம் சொல்லிவிட்டேன், படுக்க வைத்துவிடுகிறார்கள். கிளை ஒடிகிற சத்தத்தை எங்கே வைப்பது? நிசப்தம் தொடங்கிய உடனேயா, கொஞ்சம் தள்ளியா?

மிருதங்கம்_உதகை எழுதியது:

உறுமியில் மூன்றாவது கட்டு விழுந்திருக்க வேண்டிய சமத்தைக் கணக்குப் போடுங்கள். அங்கே ஒடிந்தால் பிள்ளைக்கு நிம்மதி வந்துவிடும், அதனால் அங்கே வைக்காதீர்கள். அரை அடி தாண்டி வையுங்கள். உங்கள் கணக்கில் ஐந்து ப்ரேம்.

பெருமாள்மலை எழுதியது:

ஐந்து சரியாக வரும். ஊதுகிற சத்தத்தை மட்டும் ஒடிவதற்கு முன்னால் வைத்தும் ஒரு மாதிரி எடுத்துப் பாருங்கள் தம்பி. இரண்டையும் இங்கே ஏற்றுங்கள், பழைய டிவியில் ஓடவிட்டுச் சொல்கிறேன்.